எத்தனை விநாடி காத்திருப்பது?

மதுரையைச் சுற்றியுள்ள ஓட்டல்கள், ஜவுளிக்கடைகள், எடைமேடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. "சிஸ்டம் ஹேங் ஆயிருச்சு" என்று போன் வந்தால், போய்ப் பார்க்கும்போது பெரும்பாலும் சிஸ்டம் ஹேங் ஆகியிருக்காது. அது காத்துக்கொண்டிருக்கும். ஒரு பிரிண்டரிடமோ, ஒரு எடைப் பெட்டியிடமோ, எங்கோ இருக்கும் இன்னொரு சர்வரிடமோ எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால், எங்கோ யாரோ எப்போதோ வைத்த ஓர் எண்ணை அது எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கட்டுரை அந்த எண்களைப் பற்றியது. எங்கள் தொழிலில் இவற்றை சாக்கெட் ஆப்ஷன் என்போம். நான் புழங்குவது பி.எச்.பி. என்ற நிரல்மொழி என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். இது புரோகிராமர் சமாச்சாரம் என்று கல்லாவில் இருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் சில முடிவுகளை எடுக்க வேண்டியவர்களே அவர்கள்தான்.

பைபாஸ் ரோட்டில் ஒரு பிரியாணிக் கடை. நான்கு சப்ளையர்கள் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு ஆர்டர் எடுப்பார்கள். மேஜைக்குப் பக்கத்தில் நின்று "ரெண்டு மட்டன், ஒரு சிக்ஸ்டி ஃபைவ்" என்று தட்டினால் சமையல்கட்டில் இருக்கும் தெர்மல் பிரிண்டரில் கே.ஓ.டி. சீட்டு விழும். மாஸ்டர் அதைக் கிழித்துக் கம்பியில் குத்திவிட்டு தட்டுப் போட ஆரம்பிப்பார். இரண்டுக்கும் நடுவே, கல்லாவுக்கு அடியில், ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. அதில் ஓடுவது பி.எச்.பி. அந்த சாஃப்ட்வேரை எழுதியவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். பராமரிப்பு என் கைக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டார். "தங்கச்சி, ஆர்டர் போட்டா சுத்திக்கிட்டே கெடக்கு. சீட்டு என்னமோ உள்ள விழுந்துருது. டேப்லெட்டுதான் விடமாட்டேங்குது."

அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. சீட்டு விழுகிறது என்றால் கேபிள் சரி, ரவுட்டர் சரி, பிரிண்டரின் முகவரியும் சரி. தகவல் போய்ச் சேர்கிறது. எங்கள் பக்கம் திரும்பி வர வேண்டிய ஏதோ ஒன்றுதான் வரவில்லை.

"பிரிண்டர் ஏதும் மாத்துனீங்களா அண்ணாச்சி?"

"பழசு எரிஞ்சு போச்சும்மா. முந்தாநேத்து புதுசு வாங்கி மாட்டுனோம். அதே மாதிரிதான், வெல கம்மி."

நெட்வொர்க்கில் மாட்டும் இந்த வகைப் பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட்டில் காது வைத்திருக்கும். எச்.பி. நிறுவனத்தின் ஜெட்டைரக்ட் பெட்டிகளால் பரவிய வழக்கம் இது. அந்தப் போர்ட்டில் இணைந்து எதை அனுப்பினாலும் பிரிண்டர் அதை அச்சடிக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பேப்பரை வெட்டு என்பதற்கெல்லாம் எப்சன் நிறுவனம் வகுத்த கட்டளைத் தொகுப்பு ஒன்று உண்டு. மற்ற நிறுவனங்களின் பிரிண்டர்களும் அநேகமாக அதையே பின்பற்றுகின்றன. அந்தத் தொகுப்பில் 16, 4, 4 என்று மூன்று பைட்டுகளை வரிசையாக அனுப்பினால், "பேப்பர் இருக்கிறதா?" என்று கேட்டதாக அர்த்தம். பிரிண்டர் ஒரே ஒரு பைட்டில் பதில் சொல்லும். அதில் குறிப்பிட்ட இரண்டு பிட்டுகள் 1 ஆக இருந்தால் ரோல் தீர்ந்துவிட்டது.

எனக்கு முன் இருந்தவர் இதை அக்கறையாகவே எழுதியிருந்தார். சீட்டை அச்சடிக்கச் சொல்வது, பிறகு பேப்பர் தீர்ந்ததா என்று கேட்பது, பதிலைப் படித்த பிறகே டேப்லெட்டுக்கு 'முடிந்தது' என்று சொல்வது. பழைய பிரிண்டர் கேட்டவுடன் பதில் சொல்லிவந்ததால் ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. விலை குறைந்த புதுப் பிரிண்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அச்சடித்துவிட்டுச் சும்மா இருந்தது. பி.எச்.பி. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பெட்டியில் எஸ்எஸ் என்ற கட்டளையைத் தட்டினால் எந்தெந்த இணைப்புகள் இப்போது திறந்திருக்கின்றன என்று பட்டியல் வரும். தட்டினேன். 9100ஐ நோக்கி வரிசையாக இணைப்புகள். எல்லாம் 'இணைந்த நிலை'. எதிலும் ஒரு பைட் நகரவில்லை.

இணைப்பைத் திறக்க அவர் பயன்படுத்தியது பி.எச்.பி.யில் நெடுங்காலமாக இருக்கும் எஃப்சாக்ஓபன் என்ற ஃபங்ஷன். அதற்குக் கடைசியாக ஒரு நேர வரம்பு கொடுக்கலாம். அவர் 3 என்று கொடுத்திருந்தார். மூன்று விநாடிக்கு மேல் நிற்காது என்றுதான் அதைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த 3, இணைப்பு ஏற்படும் வரைக்கும்தான் செல்லும். இணைந்த பிறகு படிக்கவோ எழுதவோ காத்திருக்கும் நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பி.எச்.பி.யின் கையேட்டிலேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் இந்த 3ஐ நான் பார்க்கும் நிரல்களில் அடிக்கடி சந்திக்கிறேன்.

படிப்பதற்கான வரம்பு பி.எச்.பி.யின் ஐஎன்ஐ கோப்பில் இருக்கும் இன்னொரு எண்ணிலிருந்து வருகிறது. யாரும் தொடாவிட்டால் அது 60 விநாடி. ஆக, ஒவ்வொரு ஆர்டரும் சமையல்கட்டில் சீட்டை விழவைத்துவிட்டு முழுசாக ஒரு நிமிடம் நின்று, பிறகு வெறுங்கையோடு திரும்பியது.

ஒரு நிமிடம் நின்றால் என்ன குடி முழுகிவிடும்? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. வெப் சர்வருக்குப் பின்னால் பி.எச்.பி. ஓடும்போது ஒரே சமயத்தில் இத்தனை வேலைகள்தான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். பி.எச்.பி. எஃப்.பி.எம். என்ற ஏற்பாட்டோடு வரும் மாதிரிக் கோப்பில் அது 5. அந்த ஓட்டல் பெட்டியிலும் 5தான். நான்கு சப்ளையர்கள் ஆளுக்கொரு ஆர்டர் போட்டதும் நான்கு இடம் போயிற்று. டேப்லெட் சுற்றுகிறதே என்று பொறுமையிழந்து ஒருவர் மறுபடி தட்டினார். ஐந்தாவதும் போயிற்று. இனி கல்லாவில் பில் போட முடியாது. பில் போடுவதற்கும் பிரிண்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும் முடியாது. மறுபடி தட்டியதால் ஒரே ஆர்டருக்கு இரண்டு சீட்டு வந்து, மாஸ்டர் இரண்டு பங்கு போட்டு அனுப்பி, அது தனித் தகராறு.

விவரம் தெரிந்த வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். பி.எச்.பி.யில் ஒரு பக்கம் 30 விநாடிக்கு மேல் ஓடக்கூடாது என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறதே, அது ஏன் வெட்டவில்லை? அந்த 30 விநாடி என்பது பி.எச்.பி. தானாக வேலை செய்த நேரம். லினக்ஸில், நெட்வொர்க்குக்காகச் சும்மா நின்ற நேரம் அந்தக் கணக்கில் சேராது. விண்டோஸில் சேரும். விண்டோஸ் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்துவிட்டு லினக்ஸ் சர்வரில் ஏற்றுபவர்கள் இதில் ஏமாறுவதுண்டு.

திருத்தம் ஒரே வரி. இணைந்தவுடன் ஸ்ட்ரீம்_செட்_டைம்அவுட் என்று சொல்லி, படிக்க எவ்வளவு நேரம் என்று கொடுக்க வேண்டும். ஆனால் அந்த வரியில் என்ன எண் போடுவது? அது எனக்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சியிடமே கேட்டேன்: "பிரிண்டர் பதில் சொல்லலைன்னா எவ்வளவு நேரம் பாக்கலாம்?"

"பாக்கவே வேணாம். பையன் அடுத்த மேசைக்குப் போகணும்ல. ஆனா பேப்பர் தீந்தா எனக்குத் தெரிஞ்சாகணும்."

கவனித்தால் அவர் இரண்டு விஷயம் கேட்கிறார். சப்ளையர் நிற்கக்கூடாது. பேப்பர் தீர்ந்தால் கல்லாவில் தெரிய வேண்டும். முந்தைய நிரல் இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருந்தது. இப்போது அரை விநாடி மட்டும் பார்க்கிறது. பதில் வராவிட்டால் டேப்லெட்டை விட்டுவிட்டு, கல்லாத் திரையில் அந்த ஆர்டரைச் சிவப்பில் காட்டுகிறது. பதிலே சொல்லத் தெரியாத பிரிண்டர் என்பதால், பிறகு அண்ணாச்சி தன் செலவில் அதை மாற்றிக்கொண்டார்.

தொடக்கத்தில் சாக்கெட் ஆப்ஷன் என்றேனே, அந்த சாக்கெட் என்பது என்ன? இரண்டு நிரல்கள் நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ள, இயங்குதளம் ஒவ்வொரு பக்கமும் திறந்து தரும் வாசல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூனிக்ஸை மேம்படுத்திக்கொண்டிருந்தவர்கள் 1983இல் 4.2 பி.எஸ்.டி. என்ற பதிப்பில் இதை வெளியிட்டார்கள். சாக்கெட்டை உருவாக்கு, ஒரு முகவரியில் கட்டு, காது வை, ஏற்றுக்கொள் என்று அவர்கள் வகுத்த அதே படிகள், அதே பெயர்களோடு, இன்று உங்கள் கைப்பேசிக்குள்ளும் ஓடுகின்றன. விண்டோஸும் அதையே தழுவிக்கொண்டது.

பி.எச்.பி. பிறந்த இடம் வேறு. கிரீன்லாந்தில் பிறந்தவரான ராஸ்மஸ் லெர்டோர்ஃப், இணையத்தில் போட்டிருந்த தன் பயோடேட்டாவை யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994இல் எழுதிய சின்னச் சின்ன நிரல்கள்தான் அதன் மூலம். 1995இல் ஊருக்குக் கொடுத்தார். பக்கம் கேட்டால் பக்கம் கொடுத்துவிட்டு உடனே செத்துப்போகும் நிரலுக்காக உருவான மொழி அது. பிரிண்டரோடு பேசுவதும், எடைமேடைக்காகப் பொழுதெல்லாம் விழித்திருப்பதும் பிற்பாடு அதன் தலையில் ஏற்றப்பட்டவை. அதனால்தான் பி.எச்.பி.யில் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கோப்பைப் படிப்பதைப் போலவே நெட்வொர்க்கையும் படிக்கும் ஸ்ட்ரீம் வழி. இது எப்போதும் உள்ளேயே இருக்கும். மற்றது, பெர்க்லிக்காரர்களின் படிகளை அப்படியே திறந்துவிடும் சாக்கெட்ஸ் நீட்சி. இதைத் தனியாக இயக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவதில்தான் ஆப்ஷன்கள் முழுசாகக் கிடைக்கும்.

அங்கே நாம் கூப்பிடும் ஃபங்ஷன் சாக்கெட்_செட்_ஆப்ஷன். அதற்கு நான்கு விஷயங்கள் சொல்ல வேண்டும்: எந்த சாக்கெட், எந்த அடுக்கு, எந்த ஆப்ஷன், என்ன மதிப்பு. பையனைக் கடைக்கு அனுப்பும்போது "கடை பூட்டியிருந்தா அங்கேயே நிக்காத, திரும்பி வந்துரு" என்று சொல்லி அனுப்புகிறோமே, அந்த வேலையைத்தான் இந்த ஃபங்ஷன் செய்கிறது.

படிக்கும் நேர வரம்புக்கு இங்கே எஸ்.ஓ. ஆர்.சி.வி.டைமோ என்று பெயர். இதன் மதிப்பை வெறும் 2 என்று கொடுக்க முடியாது. விநாடி, மைக்ரோவிநாடி என்று இரண்டு பகுதிகள் கொண்ட அரேயாகத் தர வேண்டும். மைக்ரோவிநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அரை விநாடி வேண்டும் என்றால் 5,00,000 போட வேண்டும். மில்லிவிநாடிப் பழக்கத்தில் 500 என்று போட்டுவிட்டு, "பிரிண்டர் பதிலே சொல்ல மாட்டேங்குது" என்று புலம்பிய ஒருவருக்கு நான் போனில் உதவியிருக்கிறேன். பிரிண்டருக்கு அவர் கொடுத்த அவகாசம் அரை மில்லிவிநாடி.

நேரம் முடிந்துவிட்டால் லினக்ஸ் தரும் பிழை எண் 11. அதன் வாசகம் 'வளம் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை' என்ற பொருளில் இருக்கும். மெமரி பற்றவில்லையோ என்று பயந்து சர்வருக்கு ரேம் வாங்கிப் போட்டவர்கள் உண்டு. அது வெறுமனே, நீங்கள் சொன்ன நேரம் முடிந்துவிட்டது, இன்னும் ஒன்றும் வரவில்லை என்கிறது. அவ்வளவுதான்.

எழுதுவதற்கும் இதே போல ஒரு வரம்பு உண்டு. அதைப் போட்டுவிட்டால் பேப்பர் தீர்ந்தது தெரிந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. கே.ஓ.டி. சீட்டு என்பது சில நூறு பைட். பி.எச்.பி. எழுதியதும் இயங்குதளம் அதைத் தன் இடைத்தேக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, 'எழுதியாயிற்று' என்று உடனே சொல்லிவிடும். கம்பி வழியாகப் போனதா, பிரிண்டர் வாங்கியதா, தாளில் விழுந்ததா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எழுதியது வெற்றி என்று வந்தால், அது உங்கள் பெட்டிக்குள் நடந்த வெற்றி. பேப்பரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் பிரிண்டரிடம் கேட்டே ஆக வேண்டும். வேறு வழியில்லை.

எடைமேடைக் கதை வேறு ஜாதி. லாரி ஏறி நிற்கும் மேடைக்கு அடியில் லோட் செல்கள். அவற்றின் அளவை அறைக்குள் இருக்கும் இண்டிகேட்டர் எண்ணாகக் காட்டும். அதன் பின்புறத்தில் பழைய சீரியல் போர்ட் ஒன்று இருக்கும். அதில் எடை, எழுத்துகளாக விநாடிக்குப் பல தடவை கொட்டிக்கொண்டே இருக்கும். அதை நெட்வொர்க்குக்கு மாற்ற ஒரு சின்னக் கன்வர்ட்டர் பெட்டி. அந்தப் பெட்டி வந்து இணைவதற்காக ஒரு பி.எச்.பி. நிரல் போர்ட் ஒன்றில் காது வைத்து நாள் முழுக்க ஓடும்.

இந்த நிரலை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று பிழை வரும். எண் 98. எது பயன்படுத்துகிறது என்று தேடினால் ஒன்றும் இருக்காது. இந்த இணைப்புகள் பின்பற்றும் டி.சி.பி. என்ற விதிமுறையில், இணைப்பை முதலில் மூடிய பக்கம் கொஞ்ச நேரம் அந்த இணைப்பின் நினைவை வைத்திருக்கும். வழியில் தாமதித்துப் போன பழைய பொட்டலம் ஏதாவது வந்து புது இணைப்பில் கலந்துவிடக்கூடாதே என்ற எச்சரிக்கை. ஒரு பொட்டலம் நெட்வொர்க்கில் 2 நிமிடம்வரை உயிரோடு இருக்கலாம் என்று 1981இல் வந்த டி.சி.பி. வரையறை எடுத்துக்கொண்டது. அதன் இரு மடங்கு காத்திருக்கச் சொன்னது. லினக்ஸ் இதை 60 விநாடியாகக் குறைத்துக்கொண்டது. ஆனாலும் வாசலில் லோடு வண்டி நிற்கும்போது 60 விநாடி நீளம்தான். எஸ்.ஓ. ரீயூஸ்அட்ரஸ் என்ற ஆப்ஷனை 1 என்று வைத்தால் காத்திருக்காமல் அதே போர்ட்டில் உட்காரலாம். ஒரே நிபந்தனை, போர்ட்டில் கட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். கட்டிய பிறகு சொன்னால் பிழையும் வராது, பலனும் இருக்காது.

இதைவிடப் பெரிய தலைவலி இணைப்பு சொல்லாமல் செத்துப்போவது. கன்வர்ட்டர் பெட்டிக்குக் கரண்ட் போனது, எலி கேபிளைக் கடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நான் போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போக அதற்கு அவகாசமில்லை. நம் பக்கம் படிப்பதற்காகக் காத்திருக்கும் நிரலுக்கு எதுவும் தெரியாது. டி.சி.பி.யைப் பொறுத்தவரை பேச ஒன்றும் இல்லாமல் மாதக்கணக்கில் சும்மா இருப்பதும் முறையான இணைப்புதான்.

இதற்கு எஸ்.ஓ. கீப்அலைவ் என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று இயங்குதளமே தட்டிப் பார்க்கும். இதை இயக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் லினக்ஸின் எண்களைப் பார்க்க வேண்டும். முதல் தட்டலுக்கு முன் 7,200 விநாடி அமைதியாக இருக்கும். பதில் இல்லையென்றால் 75 விநாடிக்கு ஒன்றாக 9 தடவை தட்டும். கூட்டினால் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி கழித்துத்தான் 'செத்துப்போச்சு' என்று உங்களிடம் சொல்லும். இந்த இரண்டு மணி நேரம் லினக்ஸ்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. இணையத்தில் இணையும் கணினிகளுக்கென்று 1989இல் எழுதப்பட்ட விதியே, யாரும் மாற்றாவிட்டால் இது இரண்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்கிறது, கூடவே யாரும் கேட்காமல் இதை இயக்கவும் கூடாது என்கிறது. அனுப்பும் பொட்டலத்துக்குக் காசு கேட்கும் பாதைகள் இருந்த காலம். வெறும் நலம் விசாரிக்கப் பணம் செலவாகுமே என்ற கவலையையும் அதில் காரணமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது நியாயம். கல்லாவிலிருந்து இருபதடி தூரத்தில் இருக்கும் கன்வர்ட்டர் பெட்டிக்கு அந்த நியாயம் எதற்கு?

எடைமேடையில் இதன் விளைவு பண விஷயம். இணைப்பு செத்ததும் திரையில் கடைசியாக வந்த எடை அப்படியே நிற்கும். அந்த லாரி இறங்கிப் போய், அடுத்த லாரி ஏறி நின்ற பிறகும் பழைய எடையே தெரியும். அதைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுத்தால், காலி எடையிலோ லோடு எடையிலோ ஒருவர் தலையில் துண்டு விழும். ஆகவே இங்கே நான் கீப்அலைவை நம்புவதில்லை. எண்களைச் சிஸ்டம் முழுவதற்கும் குறைக்கலாம், ஆனால் தேவையில்லை. விநாடிக்குப் பல தடவை பேசும் இண்டிகேட்டர் 2 விநாடி பேசவில்லை என்றால் ஏதோ கோளாறு. படிக்கும் வரம்பை 2 விநாடி என்று வைத்து, அது தாண்டியதும் திரையில் எடைக்குப் பதில் கோடுகளைக் காட்டி, சீட்டு அடிக்கும் பொத்தானைப் பூட்டிவிடுகிறேன். ஓட்டலில் அரை விநாடிக்கு மேல் நிற்காமல் விட்டுவிட வேண்டும், இங்கே 2 விநாடிக்கு மேல் விடவே கூடாது. இரண்டும் படிக்கும் நேர வரம்புதான். எண்ணும், அதற்கு அடுத்து என்ன செய்வது என்பதும்தான் வேறு.

வேகத்தைப் பற்றியும் ஒரு ஆப்ஷன் உண்டு, டி.சி.பி. நோடிலே. ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நேகிள் 1984இல் ஒரு கணக்கைச் சொன்னார். தொலைவில் இருக்கும் கணினியில் ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டினால், 1 பைட் விஷயத்துக்கு 40 பைட் தலைப்பு சேர்ந்து 41 பைட்டாகப் போகிறது. மெதுவான கம்பிகளில் இது நெரிசலை உண்டாக்குகிறது. எனவே முன்பு அனுப்பியதற்குப் பதில் வரும்வரை சின்னத் துணுக்குகளைச் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்பலாம் என்றார். நல்ல யோசனை. ஆனால் எதிர்ப்பக்கம், கிடைத்ததற்கான ரசீதைக் கொஞ்சம் தாமதித்து அனுப்பும் வழக்கமும் வேறொரு பக்கம் வந்து சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒருவருக்காக ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது இந்த ஆப்ஷனை 1 என்று வைத்து, சேர்த்து வைக்காதே என்று சொல்லலாம். பிரிண்டருக்கு வரி வரியாக எழுதும் நிரல்களில் இது உதவும். நான் செய்வது அதைவிட எளிது. சீட்டு முழுவதையும் ஒரே சரமாகச் சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடுவேன்.

இதில் ஒரு வேடிக்கை சொல்லாமல் போக மனமில்லை. இந்த ஆப்ஷன் டி.சி.பி. அடுக்கைச் சேர்ந்தது. மற்ற ஆப்ஷன்களுக்குப் போடும் பழக்கத்தில் சாக்கெட் அடுக்கு என்று போட்டுவிட்டால், லினக்ஸில் 'அனுமதி இல்லை' என்று பிழை வரும். காரணம், ஆப்ஷன்கள் உள்ளே வெறும் எண்கள். டி.சி.பி. அடுக்கில் 1 என்றால் நோடிலே, சாக்கெட் அடுக்கில் 1 என்றால் பிழை ஆராய்ச்சிக்கான டீபக். அதை இயக்க நிர்வாகி உரிமை வேண்டும். 'அனுமதி இல்லை' என்பதைப் பார்த்தவுடன் நிரலை ரூட் பயனராக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிழை மறைந்துவிடும். நோடிலே மட்டும் நடந்திருக்காது.

ஜவுளிக்கடைகளில் காலையில் எல்லா கவுண்டர் கணினிகளையும் ஒரே பொத்தானில் எழுப்பும் வேலைக்கு எஸ்.ஓ. பிராட்காஸ்ட் வேண்டும். 6 பைட் 255, அதன் பின் அந்தக் கணினியின் 6 பைட் மேக் முகவரி 16 தடவை, மொத்தம் 102 பைட். இதை யு.டி.பி. வழியாக நெட்வொர்க் முழுவதற்கும் கூவி அனுப்பினால், அதற்கு வசதி செய்து வைத்த கணினி விழித்துக்கொள்ளும். ஆப்ஷனை இயக்காமல் கூவினால் இங்கும் 'அனுமதி இல்லை'தான். தெரியாமல் ஊரைக் கூட்டிவிடாதே என்பதற்கான பூட்டு அது.

இடைத்தேக்கத்தின் அளவை மாற்றும் ஆப்ஷன்களும் உண்டு. 65,536 என்று வைத்துவிட்டுத் திருப்பிக் கேட்டால் லினக்ஸ் 1,31,072 என்று சொல்லும். தன் கணக்கு வழக்குக்கும் இடம் வேண்டும் என்று இரட்டிப்பாக்கிக்கொள்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. கடைகளுக்கான வேலையில் இதைத் தொடவேண்டிய தேவை வருவதே அபூர்வம். தேவையில்லாமல் தொடவும் வேண்டாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாஃப்ட்வேர் வாங்கும்போது பில் அழகாக விழுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். விற்க வந்தவர் முன்னாலேயே பிரிண்டரின் கேபிளைப் பிடுங்குங்கள். அதை மறுபடி மாட்டிவிட்டுப் பேப்பர் ரோலை எடுத்துவிட்டு ஆர்டர் போடச் சொல்லுங்கள். எத்தனை விநாடி நிற்கிறது, நின்ற பிறகு திரையில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் கடைக்கு எத்தனை விநாடி தாங்கும் என்று நீங்கள் சொல்லி, அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளிக் கூட்டத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.